மூன்றாம் பிரெடரிக் (ஜெர்மனி)

மூன்றாம் பிரெடரிக் (அக்டோபர் 18, 1831 - ஜூன் 15, 1888) புரூசியாவின் மன்னராகவும் ஜெர்மானியப் பேரரசின் இரண்டாவது பேரரசராகவும் இருந்தவர். 1888 ஆம் ஆண்டு மார்ச் 9 முதல் ஜூன் 15 வரை, 99 நாட்கள் மட்டுமே இவர் ஆட்சி செய்தார். அரியணை ஏறும் முன்னரே குரலை முற்றிலும் இழந்திருந்த இவர், தம் ஆணைகளைத் தாளில் எழுதியே தெரிவித்தார். இவருடைய இறப்புக்குக் காரணம் குரல்வளைப் புற்றுநோய் ஆகும். அந்நோயைக் கண்டறிவதில் ஜெர்மானிய மருத்துவர்களுக்கும் ஆங்கிலேய மருத்துவர் மொரெல் மெக்கென்சிக்கும் இடையே எழுந்த கருத்து வேறுபாடு மருத்துவ வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது.

இளமையும் குடும்பமும்

பிரெடரிக் பொட்ஸ்டாமில் உள்ள புதிய அரண்மனையில் பிறந்தார். தந்தை பின்னாளில் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் ஆனவர்; தாய் சாக்ஸ்-வைமார் இளவரசி அகஸ்டா. புரூசிய அரச குடும்பத்து ஆண்கள் படைப்பயிற்சியோடு கல்வியை முடித்துக்கொள்வது வழக்கமாக இருந்த காலத்தில், இவர் பான் பல்கலைக்கழகத்திலும் பயின்றார்.

1858 ஜனவரி 25 அன்று லண்டனில் பிரித்தானிய அரசி விக்டோரியாவின் மூத்த மகளை மணந்தார். மணமகளின் பெயரும் விக்டோரியாவே. இவர்களுக்கு எட்டுப் பிள்ளைகள். மூத்தவர், பின்னர் முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியை ஆண்ட இரண்டாம் வில்ஹெல்ம். இரு மகன்கள் சிறுவயதிலேயே இறந்தனர். அவர்களுள் வால்டமார் 1879 ஆம் ஆண்டு தொண்டை அடைப்பான் நோயால் பதினோராவது வயதில் இறந்தான். இந்நோயில் தொண்டையிலும் குரல்வளையிலும் படலம் படர்ந்து மூச்சை அடைத்துவிடும். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் விக்டோரியாவின் தங்கை ஆலிசும் அதே நோய்க்குப் பலியாகியிருந்தார். குரல்வளை நோய்களின் கொடுமையை இக்குடும்பம் முன்பே அறிந்திருந்தது.

போர்களும் அரசியலும்

1861 இல் தந்தை புரூசிய மன்னரானபோது பிரெடரிக் பட்டத்து இளவரசரானார். 1866 இல் ஆஸ்திரியாவுக்கு எதிரான போரில் இரண்டாம் படையை நடத்திச் சென்றார். கோனிக்கிரேட்ஸ் களத்திற்கு அப்படை உரிய நேரத்தில் வந்து சேர்ந்ததே புரூசியாவின் வெற்றியை உறுதி செய்தது. 1870 இல் பிரான்சுக்கு எதிரான போரில் மூன்றாம் படைக்குத் தலைமை தாங்கி வொர்த், செடான் ஆகிய இடங்களில் வெற்றி கண்டார். படைத்தலைவராகப் புகழ் பெற்றிருந்தும் இவர் போரை விரும்பாதவர் என்றே அறியப்பட்டார்.

அரசியலில் இவர் தாராளவாதக் கருத்துகளை உடையவர். 1863 இல் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் பத்திரிகைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, டான்சிக் நகரில் வெளிப்படையாகப் பேசி அதிலிருந்து தம்மை விலக்கிக்கொண்டார். அதனால் தந்தையின் சினத்திற்கு ஆளானார். அதன்பின் முக்கிய முடிவுகளிலிருந்து இவர் ஒதுக்கியே வைக்கப்பட்டார். தந்தை நீண்ட ஆயுள் பெற்றிருந்தமையால் பிரெடரிக் 27 ஆண்டுகள் பட்டத்து இளவரசராகவே காத்திருக்க நேர்ந்தது. இவர் ஆட்சிக்கு வந்தால் பிரித்தானிய முறையிலான நாடாளுமன்ற ஆட்சி மலரும் எனத் தாராளவாதிகள் நம்பியிருந்தனர். எனவே 1887 இல் இவருக்கு ஏற்பட்ட தொண்டைக்கட்டு விரைவில் ஓர் அரசியல் விவகாரமாகவும் ஆகிவிட்டது.

குரல் கம்மல்

1887 ஜனவரியில் பிரெடரிக்கின் குரல் கம்மத் தொடங்கியது. முதலில் இது சாதாரணச் சளி என்றே கருதப்பட்டது. இவர் புகைக்குழாயில் புகைபிடிக்கும் வழக்கமுடையவர். அக்காலத்தில் அதற்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டிருக்கவில்லை. கம்மல் வாரக்கணக்கில் நீடிக்கவே, மார்ச் மாதத் தொடக்கத்தில் பெர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் கெர்ஹார்ட் அழைக்கப்பட்டார். அவர் கண்ணாடி கொண்டு பார்த்தபோது இடப்புறக் குரல்நாணின் விளிம்பில் ஒரு சிறு முடிச்சு தென்பட்டது.

குரல்வளைக்குள் முன்பின்னாக நீண்டு கிடக்கும் இரு மடிப்புகளே குரல்நாண்கள். மூச்சு விடும்போது அவை விலகி நிற்கின்றன. பேசும்போது ஒன்றையொன்று நெருங்கி, நுரையீரலிலிருந்து வரும் காற்றால் நொடிக்கு நூறு முறைக்கு மேல் அதிர்கின்றன. விளிம்பில் ஓர் அரிசி அளவுக்குத் தடிப்பு இருந்தாலும் அவை முழுமையாகப் பொருந்தாமல் காற்று கசியும், குரல் கரகரக்கும். உடலின் வேறு இடங்களில் புற்று வளர்ந்து பெரிதான பின்பே தெரியவரும் நிலையில், குரல்நாணில் மிகச் சிறிதாக இருக்கும்போதே அது குரல் மாற்றத்தால் தன்னை வெளிக்காட்டிவிடுகிறது. அதோடு குரல்நாண்களில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு என்பதால் நோய் அங்கிருந்து பரவுவதும் தாமதமாகிறது. பிரெடரிக்கின் நோயும் இவ்வாறு மிக முன்னதாகவே தன்னை அறிவித்திருந்தது.

கெர்ஹார்ட் முதலில் அம்முடிச்சைக் கம்பிக் கண்ணியால் பிடித்து அகற்ற முயன்றார். அது இயலாமற்போகவே, மின்சாரத்தால் சூடேற்றிய பிளாட்டினக் கம்பியால் பல நாட்கள் அதைச் சுட்டார். பின்னர் இளவரசர் ஓய்வுக்காக எம்ஸ் நகரின் வெந்நீர் ஊற்றுகளுக்கு அனுப்பப்பட்டார். மே மாதம் திரும்பி வந்தபோது கட்டி முன்னிலும் பெரிதாக வளர்ந்திருந்தது. இடக் குரல்நாணின் அசைவு மந்தமாகியிருப்பதையும் கெர்ஹார்ட் கவனித்தார். மேற்பரப்பில் மட்டும் வளரும் சாதாரணக் கட்டி குரல்நாணின் அசைவைத் தடுப்பதில்லை. அடியிலுள்ள தசைக்குள் ஊடுருவும் நோயே தடுக்கும். ஆகவே இது புற்றுநோயாக இருக்கலாம் என அவர் ஐயுற்றார்.

அறுவை மருத்துவர் எர்ன்ஸ்ட் வான் பெர்க்மனும் அதை ஏற்றார். கழுத்தின் முன்புறத்தில் குரல்வளையைப் பிளந்து கட்டியை அகற்ற வேண்டும் என்று முடிவாகி, மே 21 அதற்கு நாள் குறிக்கப்பட்டது. நோயாளிக்கு முழு விவரம் தெரிவிக்காமலே அறுவை செய்ய மருத்துவர்கள் எண்ணியதாகவும், தாம் அதை எதிர்த்துப் பேரரசரின் தடையைப் பெற்றதாகவும் பிஸ்மார்க் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியுள்ளார்.

அக்காலக் குரல்வளை மருத்துவம்

உயிருள்ள மனிதரின் குரல்வளையைப் பார்ப்பது அப்போது ஒரு தலைமுறைக் காலமே ஆன கலை. லண்டனில் வாழ்ந்த ஸ்பானியப் பாட்டு ஆசிரியர் மனுவேல் கார்சியா 1854 இல் ஒரு பல்மருத்துவக் கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். இத்துறையின் தொடக்கம் மருத்துவர் அல்லாத ஒருவரின் கண்டுபிடிப்பு என்பது குறிப்பிடத்தக்கது. சில ஆண்டுகளில் வியன்னாவின் லுட்விக் டியூர்க்கும், செர்மாக்கும் அம்முறையை மருத்துவத்திற்குக் கொண்டுவந்தனர். செர்மாக்கிடம் கற்றவர்களுள் ஒருவரே மொரெல் மெக்கென்சி. 1863 இல் லண்டனில் தொண்டை நோய்களுக்கெனத் தனி மருத்துவமனை ஒன்றை அவர் நிறுவினார்.

கண்ணாடியில் ஒரு புடைப்பைக் காண்பது எளிது. அது என்ன நோய் என்று கூறுவது கடினம். நாட்பட்ட குரல் கம்மலுக்கு அன்று நான்கு காரணங்கள் முதன்மையாகக் கருதப்பட்டன. காசநோய் பெரும்பாலும் நுரையீரல் நோயோடு சேர்ந்து வரும். குரல்வளையின் பின்பகுதியில் புண்களை உண்டாக்கும். அதன் கிருமியை ராபர்ட் கோக் 1882 இல்தான் கண்டறிந்திருந்தார். சிபிலிசு எனப்படும் மேகநோயும் குரல்வளையை அரிக்கும். அதற்கான இரத்தப் பரிசோதனை 1906 வரை இல்லாததால், பொட்டாசியம் அயோடைடு கொடுத்துப் பார்த்து, புண் ஆறினால் அது மேகநோய் என்று முடிவு செய்தனர். மூன்றாவது, மருக்கள் போன்ற தீங்கற்ற வளர்ச்சிகள். நான்காவது புற்றுநோய். எக்ஸ் கதிர்களும் கதிரியக்க மருத்துவமும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. கொக்கெய்னைத் தடவித் தொண்டையை மரத்துப்போகச் செய்வது மட்டும் 1884 முதல் வழக்கத்திற்கு வந்திருந்தது.

குரல்வளையை முழுவதுமாக அகற்றும் அறுவையை வியன்னாவில் தியோடர் பில்ரோத் 1873 ஆம் ஆண்டின் கடைசி நாளில் முதன்முதலாகப் புற்றுநோய்க்குச் செய்திருந்தார். அதன்பின் அதைச் செய்துகொண்டவர்களுள் பலர் சில வாரங்களிலேயே இறந்தனர். ஆகவே புற்றுநோய் என்று உறுதியாகத் தெரியாத நிலையில் ஒரு பட்டத்து இளவரசரின் கழுத்தில் கத்தி வைக்க எவரும் தயங்குவது இயல்பே.

விர்ச்சோவின் அறிக்கைகள்

மெக்கென்சியை அழைத்தது இளவரசியின் ஆங்கிலப் பற்று என்று பின்னர் பரவலாகக் குற்றம் சாட்டப்பட்டது. ஆனால் வெளிநாட்டு வல்லுநர் ஒருவரைக் கலந்துகொள்ளலாம் என்று அவர் பெயரை முன்மொழிந்தவர்கள் ஜெர்மானிய மருத்துவர்களே. தொண்டை நோய்கள் பற்றிய அவருடைய நூல் ஏற்கனவே ஜெர்மன் மொழியில் வெளிவந்திருந்தது. மே 20 அன்று பெர்லின் வந்த மெக்கென்சி இளவரசரைச் சோதித்தார். நுண்ணோக்கியின் வழியே புற்றுநோய் என்று நிறுவப்படாதவரை அறுவை கூடாது என்றார். இக்கோரிக்கை இன்றைய மருத்துவ நெறிக்கு மிக நெருக்கமானது.

மெக்கென்சி தாம் வடிவமைத்த இடுக்கியால் கட்டியின் ஒரு சிறு துண்டை எடுத்தார். அதை ஆராய்ந்தவர் ருடால்ஃப் விர்ச்சோ. நோய்கள் யாவும் உயிரணுக்களின் மாற்றமே என்ற கொள்கையை 1858 இல் நூலாக வெளியிட்டு நோயியல் துறையை நிலைநிறுத்திய அவரை விடப் பெரிய அதிகாரம் அன்று ஐரோப்பாவில் இல்லை. முதல் துண்டில் புற்றுநோய்க்கு அடையாளம் இல்லை என்றார். அது மிகச் சிறியதாக இருந்தமையால் மீண்டும் துண்டு எடுக்கப்பட்டது, அதிலும் இல்லை. ஜூன் மாதம் எடுக்கப்பட்ட மூன்றாவது துண்டு சற்றுப் பெரியது. மேல்தோல் தடித்து மரு போல வளரும் தீங்கற்ற நிலை என்று அதற்குப் பெயரிட்டார்.

விர்ச்சோவின் அறிக்கையில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது. தாம் கூறுவது தம்மிடம் தரப்பட்ட துண்டைப் பற்றியே. கட்டி முழுவதும் அவ்வாறே இருக்கும் என்று அதிலிருந்து முடிவு செய்ய இயலாது என்பதே அது. இடுக்கியால் எடுக்கப்படுவது மேற்பரப்புத் திசு. புற்றுநோய் ஆழத்தில் இருக்கலாம். துண்டில் புற்றுநோய் காணப்பட்டால் அது உறுதியான சான்று. காணப்படாவிட்டால் நோய் இல்லை என்பதற்கு அது சான்றாகாது. குரல்நாணின் அசைவு குறைந்திருந்தது என்ற கெர்ஹார்டின் கவனிப்பு அறிக்கைக்கு எதிராக நின்றது. ஆயினும் விர்ச்சோவின் பெயருக்கு இருந்த மதிப்பால் எச்சரிக்கை மறைந்து, தீங்கற்றது என்ற சொல்லே அனைவர் காதிலும் நின்றது. இதற்கிடையே, துண்டு எடுக்கும்போது மெக்கென்சி நலமாக இருந்த வலக் குரல்நாணைக் காயப்படுத்திவிட்டதாகக் கெர்ஹார்ட் குற்றம் சாட்டினார். மெக்கென்சி அதை மறுத்தார்.

லண்டனிலிருந்து சான் ரேமோ வரை

அறுவை கைவிடப்பட்டது. மாமியாரின் ஆட்சிப் பொன்விழாவுக்காக பிரெடரிக் லண்டன் சென்றார். 1887 ஜூன் 21 அன்று நடந்த ஊர்வலத்தில் வெள்ளைச் சீருடையில் குதிரை மீது வந்த இவருடைய கம்பீரம் காண்போரைக் கவர்ந்தது. நோயாளி என்று எவரும் ஐயுறவில்லை. கட்டியின் எஞ்சிய பகுதியையும் மெக்கென்சி அகற்றினார். குரலும் ஓரளவு திரும்பியது. செப்டம்பரில் மெக்கென்சிக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. இளவரசர் குளிருக்கு அஞ்சி ஸ்காட்லாந்து, டைரோல், வெனிஸ் என்று இடம் மாறி, நவம்பர் தொடக்கத்தில் இத்தாலியக் கடற்கரையில் உள்ள சான் ரேமோவை அடைந்தார்.

அங்கே சில நாட்களுக்குள் குரல்நாண்களுக்குக் கீழே ஒரு புதிய வளர்ச்சி காணப்பட்டது. அதன் தோற்றம் முன்னையதைப் போல் இல்லை. மெக்கென்சியே இது புற்றுநோயாக இருக்கக்கூடும் என்றார். வியன்னாவிலிருந்து ஷ்ரோட்டரும் பெர்லினிலிருந்து கிராவுசேயும் வந்து அதை உறுதி செய்தனர். இம்முறை உண்மை நோயாளியிடமே கூறப்பட்டது. குரல்வளையை முழுவதும் அகற்றிக்கொள்வது அல்லது மூச்சு அடைக்கும்போது கழுத்தில் துளையிட்டு வாழ்நாளைச் சற்று நீட்டிப்பது என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்டனர். இவர் இரண்டாவதைத் தேர்ந்தார். கலங்காமல் அதைக் கேட்டுக்கொண்டு மருத்துவர்களுக்கு நன்றி தெரிவித்தார் என்று உடனிருந்தோர் பதிவு செய்துள்ளனர்.

1888 பிப்ரவரி 9 அன்று மூச்சுத்திணறல் முற்றியது. பெர்க்மனின் உதவியாளர் பிராமன் அன்று மாலைக்குள் மூச்சுக்குழலைத் திறந்து குழாய் பொருத்தினார். காற்று குரல்நாண்களை எட்டாமல் கழுத்துத் துளை வழியே வெளியேறுவதால் அந்நிலையில் பேச இயலாது. அன்று முதல் இறக்கும்வரை பிரெடரிக் எழுதியே பேசினார்.

99 நாட்கள்

மார்ச் 9 அன்று முதலாம் வில்ஹெல்ம் 90 வயதில் இறந்தார். செய்தி சான் ரேமோவை அடைந்தபோது பிரெடரிக் மாளிகைத் தோட்டத்தில் இருந்தார். பேரரசராக இவர் செய்த முதற் செயல்களுள் ஒன்று, மனைவிக்குப் புரூசியாவின் உயரிய விருதான கருங்கழுகு விருதை அணிவித்தது. மார்ச் 11 இரவு பெர்லின் வந்து சார்லொட்டன்பர்க் அரண்மனையில் தங்கினார்.

கட்டிலில் கிடக்கும் மன்னரால் பெரிய மாற்றங்கள் எவற்றையும் செய்ய இயலவில்லை. மகள் விக்டோரியாவைப் பல்கேரியாவின் முன்னாள் அரசர் அலெக்சாந்தருக்கு மணமுடிக்கும் திட்டத்தைப் பிஸ்மார்க் பதவி விலகல் மிரட்டலால் தடுத்தார். ஜூன் 8 அன்று பழைமைவாத உள்துறை அமைச்சர் புட்காமரைப் பதவியிலிருந்து நீக்கியதே இவருடைய குறிப்பிடத்தக்க அரசியல் நடவடிக்கை.

ஏப்ரல் 12 அன்று குழாய் சரியாகப் பொருந்தாமல் மூச்சுத்திணறல் ஏற்பட்டபோது பெர்க்மன் அழைக்கப்பட்டார். அவர் அவசரத்தில் செலுத்திய குழாய் மூச்சுக்குழலுக்குள் செல்லாமல் அருகிலிருந்த திசுவுக்குள் சென்று இரத்தப்போக்கை உண்டாக்கியது என்று மெக்கென்சி குற்றம் சாட்டினார். பெர்க்மன் இதை ஏற்கவில்லை. சில நாட்களில் அவ்விடத்தில் சீழ்க்கட்டி தோன்றியது. மாத இறுதியில் பெர்க்மன் பொறுப்பிலிருந்து விலகினார். நோயாளியின் படுக்கையருகே மருத்துவர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து நின்றதும், அவர்களின் சண்டை நாளிதழ்களில் வெளிவந்ததும் பிரெடரிக்கின் இறுதி மாதங்களை மேலும் துன்பமாக்கின.

மே 24 அன்று மகன் ஹைன்ரிக்கின் திருமணத்தில் பெருமுயற்சியுடன் கலந்துகொண்டார். ஜூன் 1 அன்று தாம் பிறந்த பொட்ஸ்டாம் அரண்மனைக்குத் திரும்பினார். ஜூன் 15 அன்று அங்கேயே காலமானார். அப்போது வயது 56. தந்தை, மகன், பேரன் என மூவர் அரியணையில் இருந்தமையால் 1888 ஆம் ஆண்டு ஜெர்மனியில் மூன்று பேரரசர்களின் ஆண்டு எனப்படுகிறது.

பிணக்கூறாய்வும் பின்னர் எழுந்த கருத்துகளும்

தந்தை இறந்த உடனே புதிய பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அரண்மனையைப் படைவீரர்களால் சூழச் செய்து தந்தையின் ஆவணங்களைத் தேடச் செய்தார். முக்கியமானவை முன்பே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டுவிட்டன. தாயின் எதிர்ப்பை மீறிப் பிணக்கூறாய்வு நடத்தவும் ஆணையிட்டார். மறுநாள் விர்ச்சோவும் வால்டயரும் அதைச் செய்தனர். குரல்வளை முற்றிலும் அழிந்து அழுகிய குழியாகியிருந்தது. கழுத்தின் நிணநீர்க் கணுவுக்கும் புற்றுநோய் பரவியிருந்தது. நுரையீரல்களில் அழற்சி இருந்தது. அறிக்கை புற்றுநோயை ஐயமின்றி உறுதி செய்தது. வால்டயர் மார்ச் மாதமே பேரரசரின் சளியில் புற்றணுக்களைக் கண்டிருந்தார். நிறப்புரிக்கு குரோமோசோம் என்று அவர் பெயரிட்டதும் இதே 1888 ஆம் ஆண்டில்தான்.

ஜெர்மானிய மருத்துவர்கள் ஜூலையில் தங்கள் அறிக்கையை வெளியிட்டு மெக்கென்சியைக் கடுமையாகச் சாடினர். அவர் அக்டோபரில் தம் தரப்பை நூலாக எழுதினார். நோயாளியின் இரகசியங்களை வெளியிட்டு சக மருத்துவர்களை இழித்துரைத்ததற்காக இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் கழகம் அவரைக் கண்டித்தது. 1892 இல் அவர் இறந்தபோது அவருடைய நற்பெயர் மீண்டிருக்கவில்லை.

1948 இல் லாரன் அக்கர்மன் என்ற அமெரிக்க நோயியலாளர் மரு போன்ற தோற்றமுடைய ஒருவகைப் புற்றுநோயை விவரித்தார். அது மெதுவாக வளரும். மேற்பரப்புத் துண்டில் தீங்கற்றதாகவே தோன்றும். பிரெடரிக்குக்கு இருந்தது இதுவே என்றும், விர்ச்சோ அன்று நுண்ணோக்கியில் கண்டது பிழையன்று என்றும் பிற்கால மருத்துவர் சிலர் வாதிட்டனர். ஆனால் இவ்வகைப் புற்று தூய நிலையில் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவதில்லை. ஆகவே இரு வகைகளும் கலந்திருந்தன அல்லது நாளடைவில் ஒன்று மற்றொன்றாக மாறியது என்று கொள்ள வேண்டியுள்ளது. கெர்ஹார்டின் சூடேற்றிய கம்பியும் மீண்டும் மீண்டும் நடந்த துண்டெடுப்புகளும் நோயைத் தூண்டியிருக்கலாம் என்று கூறுவோரும் உண்டு. இதற்குச் சான்று இல்லை. மே 1887 இல் திட்டமிட்ட அறுவை நடந்திருந்தால் இவர் பிழைத்திருப்பாரா என்பதும், பிழைத்திருந்தால் 1914 இல் போர் மூண்டிருக்குமா என்பதும் ஊகத்திற்குரியவை. முதற் கேள்விக்கு அக்கால அறுவை முடிவுகளே நம்பிக்கை தருவனவாக இல்லை.

நினைவிடங்கள்

பிரெடரிக்கின் உடல் பொட்ஸ்டாமில் அமைதித் தேவாலயத்தை ஒட்டிய கல்லறை மாடத்தில் உள்ளது. மனைவி விக்டோரியா கணவரின் பெயரையே தம் பட்டமாகக் கொண்டு பேரரசி பிரெடரிக் என அழைக்கப்பட்டார். அவர் 1901 ஆகஸ்ட் 5 அன்று மார்பகப் புற்றுநோயால் இறந்து, கணவருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். பெர்லினில் 1904 இல் இவர் பெயரால் திறக்கப்பட்ட கலை அருங்காட்சியகம் 1956 முதல் போடே அருங்காட்சியகம் என்ற பெயரில் இயங்கி வருகிறது.